தாழங்கழிக்கு வழி கேட்ட துரை

தாழங்கழி என்ற கடற்கரைப் பட்டினத்தை வீரசேதிராயர் ஆண்டுவந்தார். சின்ன ராஜ்யம்தான். காலையில் குதிரையேறினால் எல்லையெல்லாம் சுற்றிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் மன்னரின் ரோஷம் மட்டும் ஐம்பத்தாறு தேசத்துக்கும் போதும்.

ஒருநாள் மிளகு வாங்க ஓர் இங்கிலீஷ் கப்பல் வந்து எட்டத்தில் நங்கூரம் போட்டது. அதன் கேப்டன் வோர்தம் துரை ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். அரசவை விகடன் வாழவந்தானுக்கு இங்கிலீஷ் தெரியும். அவன்தான் சபையில் படித்தான்.

"டாலிங்கலியின் மாமன்னருக்கு..."

"யார் அவன்?" என்றார் மன்னர்.

"தாங்கள்தான், மகாராஜா."

"டாலிங்கலியா? தொட்டில் பிள்ளையைக் கொஞ்சுவது மாதிரி அல்லவா இருக்கிறது! என் ஊருக்குப் பெயர் இல்லையா?"

தளவாய் சங்கிலிக்கூத்தன் சமாதானம் சொன்னார். "இங்கிலீஷில் ழகரம் கிடையாது, மகாராஜா. அவர்களால் அவ்வளவுதான் முடியும்."

வாழவந்தான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவன் வாய் என்றைக்கு அவன் பேச்சைக் கேட்டது? "அவர்கள் ஊரில் மிளகும்தான் கிடையாது. கப்பலேறி வந்து வாங்கவில்லையா? ழகரத்தையும் சேர்த்து வாங்கிப் போகட்டுமே!"

மன்னர் தொடையைத் தட்டினார். "பலே! நாளைப் பொழுது சாய்வதற்குள் துரை இங்கிலீஷில் பேசினாலும் எழுதினாலும் நம் ஊர்ப் பெயர் சரியாக வரவேண்டும். அது உம் பொறுப்பு."

தளவாய்க்கு விகடனைக் கண்டாலே ஆகாது. விடுவாரா? "வராவிட்டால்? இங்கிலீஷ் தெரிந்தவர் என்று கேள்விப்பட்டு, கடிதத்தின் அடியில் விகடரையும் விசாரித்திருக்கிறாராம் துரை; கொண்டுவந்தவன் சொன்னான். அதையும் படிக்கட்டும்."

வாழவந்தான் மென்று விழுங்கிப் படித்தான். "வால்வண்டனுக்கு என் வணக்கம்."

சபை குலுங்கியது. "வராவிட்டால் இனி இவருக்கு அதுவே பெயர்," என்றார் தளவாய். "செப்புப் பட்டயத்தில் வெட்டிவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்," என்றார் மன்னர்.

வாழவந்தான் மனசுக்குள் கணக்குப் போட்டான். தலை போனாலும் ஒரே நாளோடு போகும். அவனுக்கோ ஏழு மைத்துனர்கள். இந்தப் பெயர் அவர்கள் காதில் விழுந்தால் ஏழு தலைமுறைக்கும் விடமாட்டார்கள்.

தாழங்கழியில் அலை ஆள் உயரத்துக்கு எழும்பும். கப்பல் கிட்டே வர முடியாது. உள்ளூர்ப் படகில்தான் கரையேற வேண்டும். அன்று மாலையே வாழவந்தான் படகுக்காரன் குழந்தைவீரனிடம் போனான்.

"நாளைக்குத் துரை எந்த ஊர்ப் பெயரைச் சொல்கிறாரோ அந்த ஊரில் இறக்கிவிடு. சொல்லாத ஊரில் இறக்காதே."

"அம்புட்டுத்தானே? உத்தரவு சாமி," என்றான் குழந்தைவீரன்.

மறுநாள் காலை வோர்தம் துரை வெல்வெட் அங்கியும் இறகு வைத்த தொப்பியுமாகப் படகில் இறங்கினார்.

"எந்த ஊருக்குத் தொரை?"

"டாலிங்கலி!"

"கேள்விப்படாத ஊரா இருக்கே. சரி, தேடிப் பாப்போம்."

படகு வடக்கே போனது. ஒவ்வொரு குப்பத்திலும் நிறுத்தி, "டாலிங்கலி எங்கேய்யா இருக்கு?" என்று குழந்தைவீரன் கேட்டான். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். பிறகு தெற்கே போனது. அங்கேயும் அதே உதடுகள்.

துரை அரண்மனையைக் காட்டித் தனக்குத் தெரிந்த தமிழில் கத்தினார். "அதோ! அந்த ஊர்!"

"அது தாழங்கழி தொரை. நீங்க கேட்டது வேற."

திரும்பிப் போகலாமென்றால் மறுநாள் ஒல்லாந்தர் கப்பல் வருகிறதாம். இன்றைக்கு மன்னரைப் பார்க்காவிட்டால் மிளகு அவர்களுக்கு. துரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வெயில் ஏறியது. கரையிலிருந்து வஞ்சிர மீன் வறுக்கும் வாசனை வந்தது. மூன்றாம் முறை ஊரைக் கடந்தபோது துரை வழிக்கு வந்தார்.

"எப்படிச் சொல்ல வேண்டும்? நீ சொல்லு."

"நாக்கை மேலே மடிச்சு வளைங்க. தா...ழ..."

"தாளங்களி."

"தாளமும் வேணாம், களியும் வேணாம். மடிங்க தொரை!"

அப்போது பனை உயரத்துக்கு ஓர் அலை வந்து படகைத் தூக்கிப் போட்டது. தொப்பி கடலுக்குப் போயிற்று. துரையின் கால் மேலே போயிற்று, தலை கீழே வந்தது, நாக்கு தானாகச் சுருண்டது.

"தாழங்கழீ...!" என்று அலறினார்.

"அதானே! மொதல்லயே சொல்லியிருக்கலாமே," என்று குழந்தைவீரன் படகைத் திருப்பினான்.

பொழுது சாய இரண்டு நாழிகை இருக்கையில் துரை சொட்டச் சொட்ட சபைக்குள் வந்தார். ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு, அலையில் ஆடுவதுபோல் ஓர் ஆட்டம் ஆடி, இங்கிலீஷில் முழங்கினார். நடுவில் "தாழங்கழி" மட்டும் கணீரென்று விழுந்தது. ஒப்பந்தத்தை அவரே எழுதி, அவரே படித்தார். ஐந்து இடத்தில் ஊர்ப் பெயர், ழகரம் மட்டும் வாழவந்தான் காட்டிய தமிழ் எழுத்தில். ஐந்து முறையும் தூணைப் பிடித்து ஆடினார். ஐந்தும் சுத்தம். வாழவந்தானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

துரைக்கோ மனம் ஆறவில்லை. "உங்கள் ஊர்ப் பெயரை நான் சொல்லிவிட்டேன். இப்போது என் ஊர்ப் பெயரை மன்னர் சொல்லட்டும். ஸ்ட்ரெக்ஸ்த்விக்!"

"நியாயம்தானே!" என்றார் தளவாய் அவசரமாக.

மன்னர் மீசையைத் தடவிக்கொண்டு தொடங்கினார். "இசுத்... இசுத்திரெ... இசுத்திரிக்கு..." முகம் சிவந்தது. மூச்சு வாங்கியது.

துரை வாய்விட்டுச் சிரித்தார். "பெயரே வரவில்லையே! படகுக்காரன் இவரை எப்படி என் ஊரில் இறக்குவான்?"

தளவாய் திரும்பினார். "விகடரே, இதற்கு என்ன பதில்? மகாராஜாவின் மானம் போகிறது!"

வாழவந்தான் எழுந்து துரையைக் கும்பிட்டான்.

"எங்களுக்கு எதற்குத் துரை உங்கள் ஊர்ப் பெயர்? நாங்கள் அங்கே வருவதாக இல்லையே!"

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவித் தளவாய் மடியில் விழுந்தது. அதை வாங்கி மாட்டிக்கொள்ளக்கூட மறந்து, கழுத்து முத்துமாலையைக் கழற்றி விகடனுக்குப் போட்டார்.