குளத்து சர்வருக்குப் புது வெர்ஷன்

மூங்கில் காட்டில் ஒரே ஒரு குளம்தான் இருந்தது. மானும் அங்கேதான் தண்ணீர் குடிக்க வேண்டும். சிறுத்தையும் அங்கேதான் குடிக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால்? சிறுத்தைக்குத் தண்ணீரோடு சாப்பாடும் கிடைத்துவிடும்!

அதனால் விலங்குகள் ஓர் ஏற்பாடு செய்திருந்தன. குளக்கரைப் பொந்தில் ஒரு சர்வர் கணினியை வைத்தன. யார் எந்த நேரத்தில் வரலாம் என்று அதுதான் முறை பிரித்துக் கொடுக்கும். எல்லோரும் போனில் வலைத்தளத்தைத் திறந்து, தங்கள் நேரத்தைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். சர்வரைக் கவனித்துக்கொண்டது ஒரு முள்ளம்பன்றி.

ஒரு நாள் மாலை மான் தன் நேரத்துக்கு வந்து குனிந்தது. எதிர்க்கரையில் சிறுத்தை!

மான் ஒரே தாவலில் புதரைத் தாண்டித் தப்பியது. மூச்சிரைக்கப் பொந்துக்கு ஓடி வந்தது.

"அண்ணே! என் நேரத்தில் சிறுத்தைக்கு என்ன வேலை?"

முள்ளம்பன்றி சர்வரைப் பார்த்தது. மானின் பெயருக்குக் கீழேயே சிறுத்தையின் பெயரும் இருந்தது.

"நான் போடவில்லையே! யாரோ உள்ளே புகுந்து மாற்றியிருக்கிறார்கள்!"

மேலே கிளையில் தொங்கிய குரங்கு தலையில் அடித்துக்கொண்டது. "எத்தனை தடவை சொன்னேன்! இது பழைய வெர்ஷன். இதில் ஓட்டை இருப்பது ஊருக்கே தெரியும். இதைச் செய்தவர்களே இனிமேல் அடைக்க மாட்டோம் என்று கைவிட்டுவிட்டார்கள். புதுசு வந்திருக்கிறது. இப்போதே போடுங்கள்!"

"புதுசில் என்னென்ன கோளாறு இருக்குமோ! ஓடுகிற சர்வரில் நான் கை வைக்க மாட்டேன்!" என்று முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்தது.

மறுநாள் காலை எல்லா விலங்குகளும் கூடின. முதலில் எழுந்து பேசியது சிறுத்தை.

"பழசே போதும்! முள்ளம்பன்றியாரின் அனுபவத்தை நாம் மதிக்க வேண்டாமா? மானுக்கு என்ன ஆகிவிட்டது? உயிரோடுதானே நிற்கிறது?" என்று பெருமூச்சு விட்டது.

"பார்த்தீர்களா! சிறுத்தையாரே சொல்கிறார்!" என்றது முள்ளம்பன்றி.

"அவர் சொல்வதால்தானே எனக்குச் சந்தேகம்!" என்றது குரங்கு.

உச்சி வெயில் வரை குரங்கும் முள்ளம்பன்றியும் மல்லுக்கு நின்றன. கடைசியில் மான் குளம்பால் தரையை ஓங்கி உதைத்தது.

"கொஞ்சம் நிறுத்துங்கள்! பழசில் தப்பு நடந்தாலும் சாவது நான். புதுசில் தப்பு நடந்தாலும் சாவது நான். வேறு ஒரு கணினியில் முதலில் ஓட்டிப் பாருங்களேன். அங்கே தப்பு நடந்தால் யாரும் சாக மாட்டார்கள்!"

எல்லோரும் பொந்துக்கு நடந்தார்கள்.

பொந்தின் மூலையில் ஒரு பழைய கணினி தூசி படிந்து கிடந்தது. முள்ளம்பன்றி அதைத் துடைத்து, சர்வரில் இருந்த எல்லாவற்றையும் அதில் நகல் எடுத்தது. குரங்கு புது வெர்ஷனை ஏற்றியது.

"இது வெறும் ஒத்திகை! இதில் காட்டும் நேரத்துக்கு யாரும் குளத்துக்குப் போகக் கூடாது!" என்று முள்ளம்பன்றி உரக்கச் சொன்னது.

திரை பளிச்சென்று வந்தது. வேகமோ வேகம்! குரங்கு குதூகலத்தில் குட்டிக்கரணம் அடித்தது. அப்போது முறைப் பட்டியல் வந்தது: "மான், சிறுத்தை: மாலை ஐந்து மணி. மகிழ்ச்சியாக அருந்துங்கள்!"

குரங்கு பாதிக் கரணத்தில் பொத்தென்று விழுந்தது.

சிறுத்தை மெல்ல எழுந்தது. "நண்பர்களே, நான் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். புதுசு அருமை! இன்றைக்கே மாற்றிவிடலாம்!"

எல்லோரும் அதைத் திரும்பிப் பார்த்தார்கள். "பொது நன்மைக்குத்தான் சொன்னேன்," என்று சிறுத்தை பாதத்தை நக்கிக்கொண்டது. மான் நான்கடி தள்ளிப் போய் நின்றது.

"சொன்னேனா இல்லையா!" என்று தொடங்கிய முள்ளம்பன்றி, திரையை உற்றுப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தியது. "கோளாறு புதுசில் இல்லை. மானையும் சிறுத்தையையும் பிரித்து வைக்கும் நிரலை நான் பழைய வெர்ஷனுக்கென்று எழுதினேன். புதுசால் அதைப் படிக்க முடியவில்லை."

"அவசரப்பட்டுக் குளத்து சர்வரிலேயே மாற்றியிருந்தால்..." என்று குரங்கு மானைப் பார்த்தது.

இரண்டும் அருகருகே உட்கார்ந்து நிரலைத் திருத்தி எழுதின. எந்தப் பொத்தானை எப்படி அழுத்தினாலும் மானும் சிறுத்தையும் சேராத நிலை வரும் வரை ஓட்டி ஓட்டிப் பார்த்தன. பிறகு, குளத்துக்கு யாரும் வராத ஒரு மத்தியான வேளையில் சர்வரை மாற்றின. ஏதாவது தவறினால் திரும்பிப் போக வசதியாக, பழசின் நகல் ஒன்றையும் பத்திரப்படுத்தின.

அன்று மாலை மான் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது.

இருட்டுவதற்கு முன் சிறுத்தை பொந்துக்கு வந்தது. குரலில் தேன் ஒழுகியது. "அண்ணே, பழைய வெர்ஷன் உங்களிடம் பத்திரமாக இருக்கிறதாமே? எனக்கு மட்டும் அதை ஓட்டித் தர முடியுமா?"

முள்ளம்பன்றி திரும்பி நின்று முள்ளை விரித்தது. சிறுத்தை வந்த வழியே போய்விட்டது.

புதுசா பழசா என்று வாயால் சண்டை போட்டுக்கொண்டிருக்காமல், தவறினாலும் யாருக்கும் கேடு வராத இடத்தில் சோதித்துப் பார்த்து முடிவெடுப்பவரே புத்திசாலி.