கொம்பையா கழுத்து மணி

இதுல ஒரு சொல்லு பொய்யின்னா எனக்கு மிச்சமிருக்கிற மூணு பல்லும் இப்பவே கொட்டட்டும். சிரிக்காதீங்க, கேளுங்க.

ஒரு ஊர்ல சங்கிலிக்கருப்பன்னு ஒரு கறிக்கடைக்காரன் இருந்தானாம். அவன்கிட்ட கொம்பையான்னு ஒரு வெள்ளாட்டுக் கிடா, கழுத்துல வெங்கல மணி. வாராவாரம் செம்மறிகளுக்கு முன்னால கிணிங் கிணிங்னு அது நடக்கும், மந்தை பின்னாலயே போகும். ஆடு அடிக்கிற கொட்டாய்க்குள்ள நுழைஞ்சதும், கிடா மட்டும் தட்டியில இருக்கிற பொத்தல் வழியா வெளிய வந்துரும். அதுக்குக் கூலி, கொள்ளு.

பட்டியில செவலைன்னு ஒரு நொண்டிச் செம்மறி. நடை மெதுவுன்னு அதை மட்டும் விட்டுட்டுப் போயிருவாங்க.

மொத வாரம் கேட்டுச்சு, "அண்ணே, எங்காத்தா எங்க?"

"உள்ள அகத்திக்கொழை தின்னு அசந்து கெடக்கா தாயி."

ரெண்டாவது வாரம், "அண்ணே, எங்கக்கா எங்க?"

"அவளுக்கும் அகத்திதான் தாயி."

மூணாவது வாரம், "அண்ணே, எம்புள்ள?"

கிடா கொள்ளை மென்னுக்கிட்டே, "அந்தக் குட்டி வாயையே மூட மாட்டேங்குது, அம்புட்டுத் தீனி"ன்னுச்சாம். செவலை குனிஞ்சு பாத்துச்சு. கிடாவோட குளம்புல ரத்தம்.

நாலாவது வாரம் மணி அடிச்சதும் செவலை கதறுச்சு, "போகாதீங்கடி! போனவ ஒருத்தியும் திரும்பலடி!"

பின்னால நின்னவ சொன்னா, "முன்னால இத்தனை பேரு போறாளுகளே, கிறுக்கச்சிகளா?"

முன்னால நின்னவ சொன்னா, "பின்னால இத்தனை பேரு வராளுகளே, சும்மாவா வருவாளுக?"

நடுவுல நின்னவ சொன்னா, "நின்னா மிதிச்சுருவாளுகடி!"

போயிட்டாளுக.

கிடா கொட்டாய்க்குள்ள போய்ப் பொத்தல்ல தலைய விட்டுச்சு. தலை போச்சு, வயிறு போகலை. நாளெல்லாம் தின்ன கொள்ளு விடுமா? பதறிப்போய்த் திரும்பி, "வராதீங்கடி, உள்ள கத்தி இருக்கு!"ன்னு தலைய ஆட்டி ஆட்டிக் கத்துச்சு. தலைய ஆட்ட ஆட்ட மணி கிணிங் கிணிங். மணி கேக்கக் கேக்க மந்தை இன்னும் நெருக்குச்சு. நெருக்கித் தள்ளிக் கிடாவைக் கொண்டுபோய்ச் சங்கிலிக்கருப்பன் மடியிலயே போட்டுருச்சு. இருட்டுக் கொட்டாய், கைக்கு வந்ததை அறுத்துக்கிட்டே இருந்தான். கத்தி மணியில தட்டின பெறகுதான் பாத்தான். "அடப் பாவமே"ன்னான். அதையும் உரிச்சான்.

பட்டிக் கதவு தெறந்து கெடந்துச்சு. செவலை நொண்டி நொண்டி மறுபக்கமாப் போயிருச்சு. பின்னால ஒருத்தியும் வரலை.

மணியை மறுநாளே வேற கிடாவுக்குக் கட்டிட்டான்.

கதை முடிஞ்சுது, கதைக்குக் கூலியா ஆளுக்கொரு கை பொரிகடலை எம் முன்னால வைங்க. யாராச்சும் ஒருத்தர் மொதல்ல வச்சாப் போதும். மத்தவங்க என்ன செய்வீங்கன்னு எனக்குத் தெரியாதாக்கும்?