பிறந்த நேரம்

முத்துச்செல்வி நர்சிங் மாணவி. அவள் தன் கையால் பார்த்த முதல் பிரசவம் நல்லபடியாக முடிந்தது. ஆண் குழந்தை. ஆனால் ஒரு தப்பு நடந்துவிட்டது. குழந்தை வெளியே வந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை உரக்கச் சொல்ல வேண்டியது அவள் வேலை. அவள் சொல்லவில்லை.

குழந்தை உடனே அழாததுதான் காரணம். துண்டால் துடைத்து, முதுகைத் தேய்த்து, ஒருவழியாக அது வீறிட்டு அழுதபோது இவளும் சேர்ந்து அழுதாள். அந்தச் சந்தோஷத்தில் கடிகாரம் யாருக்கு ஞாபகம் வரும்?

குழந்தையின் அப்பாவுக்கு வந்தது. கதவருகே போனைக் காதில் வைத்தபடி நின்றார்.

"சிஸ்டர், நேரம் சொல்லுங்க. ஜோசியர் லைன்ல இருக்காரு. நிமிஷம்கூடப் பிசகக் கூடாதாம்."

"இருங்க, கேட்டுட்டு வரேன்" என்று உள்ளே ஓடினாள்.

அவளுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுத்தரும் சகாயமேரி சிஸ்டர், தாய்க்கு பி.பி. பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், நேரம் பார்க்க மறந்துட்டேன். பத்து நாற்பதுன்னு சொல்லிடவா?"

"ஏன் நாற்பது?"

"சுமாரா அப்படித்தான் இருக்கும்."

"அவர்கிட்ட என்ன சொல்லணுமோ, நீயே போய்ச் சொல்லிட்டு வா."

கதவு வரை நாற்பதை மனப்பாடம் செய்துகொண்டே போனாள். அந்த மனிதர் உள்ளங்கையில் எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். ஒரு பிள்ளை ஆயுசுக்கும் வைத்துக்கொள்ளப்போகிற ஜாதகம்.

"அண்ணே, மன்னிச்சிருங்க. நான் நேரம் பார்க்கலை. பிள்ளை பிறந்ததும் அழலை. அவனையே பார்த்துட்டு இருந்துட்டேன்."

அவர் முகம் மாறியது. "இப்ப?"

"நல்லா அழுதான். பால் குடிக்கிறான்."

"அப்புறம் கூப்பிடுறேன் சாமி" என்று போனை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் திரும்பி வந்தபோது பதிவேடு திறந்திருந்தது. அதில் சிஸ்டரின் கையெழுத்தில் நேரம் இருந்தது: பத்து நாற்பத்து நான்கு.

"நீங்க பார்த்தீங்களா? அப்பவே சொல்லியிருக்கலாமே சிஸ்டர்!" கோபமும் நிம்மதியும் அவளுக்கு ஒன்றாக வந்தன.

"வெளியே என்ன சொன்னே?"

"பார்க்கலைன்னு சொன்னேன்."

சிஸ்டர் பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"இப்ப போய் நேரத்தைச் சொல்லு. இனி நீ சொன்னா அந்த மனுஷன் நம்புவாரு."