பச்சைக் கிலுகிலுப்பை

இந்தக் கதை எனக்குச் சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று சந்தேகம். ராஜாவின் பெயர் மறந்துபோய்விட்டது. நாடு ஆற்றுக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஓரிரண்டு இடங்களை நானே இட்டு நிரப்பியிருக்கவும் கூடும். ஒரு காயின் சத்தம் மட்டும் மறக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு மற்றதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

முன்னொரு காலத்தில், அது எந்தக் காலமாகவும் இருக்கட்டும், ஒரு ராஜா தன் கோட்டைக்குள் யாரும் சத்தம் எழுப்பக் கூடாது என்று கட்டளையிட்டார். கட்டளையை ஊருக்குத் தெரிவிக்க வேண்டுமே! தண்டோராக்காரன் தெருத்தெருவாக முரசடித்துச் சொன்னான். சொல்லி முடித்ததும் முரசைப் பிடுங்கிக்கொண்டார்கள். கோயில் மணியின் நாக்கில் துணியைச் சுற்றினார்கள். பெண்கள் கொலுசைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார்கள். காதோடு காதாகப் பேசிக்கொள்ளலாம். மூச்சுக்கு மேல் குரல் எழும்பக் கூடாது. எழும்பினால் சவுக்கடி.

அந்த அரண்மனையில் சாத்தப்பன் என்று ஒரு விகடன் இருந்தான். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் தொழில். கட்டளை வந்த பிறகு அவனைக் கண்டாலே ஜனங்கள் வேறு தெருவில் திரும்பிப் போனார்கள். அவன் வாயைத் திறந்தால் சிரிப்பு வரும், சிரித்தால் முதுகுத்தோல் போகும். யார்தான் நிற்பார்கள்?

சமையல்காரி நாச்சி ஒருத்திதான் எப்போதாவது அவன் காதருகே வந்து முறையிடுவாள்.

"கடுகு வெடிக்குதுன்னு தாளிக்கவே கூடாதாம். அப்பளத்தைத் தண்ணியில நனைச்சு வைக்கணுமாம். இதெல்லாம் ஒரு சாப்பாடா, சொல்லுங்க!"

"நல்லதுதான் நாச்சி. இத்தனை வருஷமா உன் குழம்பு சாப்பிடுறவனைத் திட்டிக்கிட்டே இருந்துச்சு. இப்பத்தான் வாயை மூடியிருக்கு."

நாச்சி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். அதன்பின் அவளும் அவன் பக்கம் வரப் பயந்தாள். சாத்தப்பன் இலைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து, நனைந்த அப்பளத்தைச் சத்தமில்லாமல் தின்றான்.

கட்டளைக்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்வதில்லை. ராஜாவுக்கு ஒரே மகள், பூவை என்று பெயர். தாயில்லாத குழந்தை. கோட்டைக்கு வெளியே கிலுகிலுப்பைச் செடிகள் புதராக மண்டிக் கிடக்கும். அவரைப்பூ போல மஞ்சளாகப் பூக்கும். காய் சின்னதாக ஊதியிருக்கும். காய்ந்தால் உள்ளே விதைகள் கழன்று, ஆட்டினால் கிலுகிலுவென்று ஒலிக்கும். சாத்தப்பன் காய்ந்த கொத்தாகப் பறித்துக்கொண்டு போய்க் குழந்தை கையில் கொடுப்பான். பூவை அதை ஆட்டிக்கொண்டே ராஜாவின் மடியில் ஏறுவாள், சிம்மாசனத்தின் கீழே ஒளிந்துகொள்வாள். சபை நடக்கும்போதே கிலுகிலுவென்று கேட்கும். ஒரு மாரிக்காலக் காய்ச்சலில் குழந்தை போய்விட்டது. யாரோ அந்தக் கொத்தைத் தெரியாமல் காலால் இடறியபோது சத்தம் கேட்டது. ராஜா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அன்றுதான் கட்டளை பிறந்தது.

அழுவதற்கு ராஜாவுக்கு உரிமை இருந்தது. சாத்தப்பன் அழுதிருந்தால் அதையும் ஒரு வேடிக்கை என்று நினைத்துச் சிரித்திருப்பார்கள். அதனால் அவன் அழவில்லை. அவன் வீடு கோட்டைச் சுவருக்கு வெளியே, அந்தப் புதர்களுக்குப் பக்கத்தில். கட்டளை அதுவரை எட்டாது. மாலையில் அவன் செடிகளுக்கு நடுவே போய் நிற்பான். காற்று வீசினால் புதர் முழுவதும் பேசும். நாள் முழுக்க அவனோடு பேசியது அது ஒன்றுதான்.

ராஜாவின் பிரதானியார் விழுப்பரையருக்கு மட்டும் இந்த மௌனம் பொருந்திப்போயிற்று. பேச்சில்லாத சபையில் அவர் வைத்ததே சட்டம். குறை சொல்ல வந்தவர்களை வாசலிலேயே "உஷ்!" என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரே ஒரு உறுத்தல். ராஜா சிம்மாசனத்தில் அமர்ந்ததும் அவர் கண் தன்னை அறியாமல் விகடனின் இடத்துக்குப் போகும். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு அவனை அருகில் கூப்பிட்டுவிடுவார் என்று விழுப்பரையர் பயந்தார்.

ஒருநாள் ராஜா, "இத்தனை அமைதியிலும் எனக்கு நிம்மதி இல்லை பிரதானியாரே. கையில் பிடித்துப் பார்க்கும்படி மௌனம் என்று ஒன்று இருக்கக் கூடாதா?" என்று பெருமூச்சோடு கேட்டார்.

விழுப்பரையர் இதற்குத்தான் காத்திருந்தார். "ஏன் இருக்கக் கூடாது, மன்னா? நம் விகடர் வேலை ஏதுமின்றி அரண்மனைச் சோற்றை உண்கிறார். முன்பு சத்தத்தைக் கொண்டுவந்தவர் இப்போது மௌனத்தைக் கொண்டுவரட்டும். வரும் பௌர்ணமிச் சபை வரை அது தங்கள் கையில் இருக்கட்டும். அதற்குள் அது கலைந்தால், கலைத்தவரை நாட்டை விட்டே அனுப்பிவிடலாம்."

ராஜா சாத்தப்பனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, சிநேகமும் இல்லை. "உன்னால் ஆகுமா?"

சாத்தப்பனும் ராஜாவின் முகத்தைப் பார்த்தான். எல்லைக்கு அப்பால் அனுப்பிவிட்டால் இந்த முகத்தை மறுபடி பார்க்க முடியாது. அவனுக்கு இருந்த பயம் அது ஒன்றுதான். பிறகு தலைகுனிந்து, "ஆகும், மகாராஜா. ஒரே ஒரு சந்தேகம். கலைத்தவர் என்றால், அவர் யாராக இருந்தாலுமா?" என்றான்.

"யாராக இருந்தாலும்தான்," என்று ராஜாவுக்கு முந்திக்கொண்டு விழுப்பரையர் கிசுகிசுத்தார். ராஜாவும் தலையசைத்தார்.

மறுநாள் சாத்தப்பன் புதருக்குள் போய் ஒவ்வொரு கொத்தாகத் தடவிப் பார்த்தான். பழுக்கத் தொடங்கியும் தொடங்காமலும் இருந்த ஒரு பச்சைக் காயைக் காம்போடு கிள்ளினான். கோட்டை வாசலில் காவல்காரன் எதையும் ஆட்டிப் பார்க்காமல் உள்ளே விடுவதில்லை. வெல்லமூட்டையைக்கூட ஆட்டிப் பார்ப்பான்.

"என்னய்யா இது?"

"மௌனம்."

காவல்காரன் காயைக் காதருகே வைத்து ஆட்டினான். "ஒண்ணும் கேக்கலையே?"

"கேட்டா அது மௌனமாப்பா?"

"அதானே! போ, போ," என்று வழிவிட்டான்.

சபையில் சாத்தப்பன் அதை ராஜாவின் உள்ளங்கையில் வைத்தான். ராஜா ஆட்டிப் பார்த்தார். சத்தமில்லை. செடியில் இருக்கும் பச்சைக் காயை அவர் பார்த்ததே கிடையாது. குழந்தை கையில் இருந்த காய்ந்த கொத்தைத்தான் பார்த்திருந்தார். மெல்லிய தோல், உள்ளே வெறும் காற்று போல ஒரு லேசான கனம். அதை அவர் கீழே வைக்கவில்லை.

விழுப்பரையர் முகம் சுளித்தார். "இது ஏதோ காட்டுக்காய் அல்லவா?"

"காட்டில்தானே, ஐயா, மௌனம் காய்க்கிறது. சபையில் விளையாதே!"

விழுப்பரையர் அன்றே தன் ஆளை அனுப்பி அந்தப் புதரிலிருந்து ஒரு காய்ந்த காயைத் துணியில் சுற்றிக் கொண்டுவரச் செய்தார். தன் அறையின் கதவை அடைத்துக்கொண்டு ஆட்டிப் பார்த்தார். கிலுகிலு. அவருக்கு வந்த சிரிப்பை அடக்க, பாவம், தலையணையைக் கடிக்க வேண்டியிருந்தது.

அதன்பின் இரண்டு பேர் ராஜாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சை வெளிறிற்று. மஞ்சள் ஏறிற்று. பிறகு ஓரங்களில் பழுப்பு. விழுப்பரையர் நாளுக்கு நாள் மலர்ந்தார். சாத்தப்பன் தூணருகே நின்று இளைத்தான். சத்தம் வருமா வராதா என்பதல்ல அவன் கவலை. வரும். அதைக் கேட்டதும் ராஜா என்ன ஆவார்? மறுபடி காதைப் பொத்திக்கொண்டால், பிறகு அந்தக் காதை யாராலும் திறக்க முடியாது. அந்தச் சத்தத்தைக் கொண்டுவந்தவனை அவர் மன்னிக்கவும் மாட்டார். ராஜாவோ காயை விரலை மூடிப் பொத்தியே வைத்திருந்தார், சின்னக் கையொன்றைப் பிடித்திருப்பது போல.

பௌர்ணமிச் சபை கூடியது. விழுப்பரையர் எழுந்து வணங்கினார்.

"மன்னா, விகடரின் மௌனம் இன்றும் முழுதாக இருக்கிறதா என்று சபையோர் அறிய விரும்புகிறார்கள். சற்றே ஆட்டிப் பார்த்தருள வேண்டும்."

ராஜா கையைத் திறந்து ஆட்டினார்.

கிலுகிலு.

"கலைந்தது! மௌனம் கலைந்தது!" என்று விழுப்பரையர் தொண்டை கிழியக் கத்தினார். மாடத்தில் இருந்த புறாக்கள் படபடவென்று பறந்தன. அத்தனை பெரிய சத்தம் அந்த மண்டபத்தில் எழுந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ராஜா அவரைப் பார்க்கவில்லை. காதையும் பொத்திக்கொள்ளவில்லை. சிம்மாசனத்தின் கீழே ஒருமுறை குனிந்து பார்த்தார். அங்கே யாரும் இல்லை. நிமிர்ந்து, காயை இன்னொரு முறை ஆட்டினார். யாரும் சொல்லாமலே மறுபடியும் ஆட்டினார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"சாத்தப்பா, இத்தனை நாளும் இது என் கையில்தானே இருந்தது? ஏன் ஒலிக்கவில்லை?"

"பச்சையாக இருக்கையில் விதை தோலை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும், மகாராஜா. அப்போது எவ்வளவு ஆட்டினாலும் சத்தம் வராது. காயவேண்டும். அதுவரை பக்கத்தில் இருப்பதைத் தவிர யாராலும் ஒன்றும் செய்ய முடியாது."

விழுப்பரையருக்குப் பொறுக்கவில்லை. "பேச்சை வளர்க்கிறார், மன்னா! கலைத்தவரை நாடு கடத்துவதாக வாக்கு. யாராக இருந்தாலும்!"

சாத்தப்பன் கைகட்டியபடி வணங்கினான். "உண்மைதான். ஆட்டியது மகாராஜாவின் கை. ஆட்டச் சொன்னது பிரதானியார் வாய். அடியேன் கையும் அசையவில்லை, வாயும் அசையவில்லை. இரண்டு பேரில் யாரை அனுப்புவது என்று சபைதான் சொல்ல வேண்டும்."

விழுப்பரையர் அவசரமாகத் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

ராஜா மெல்ல, "கை என்னுடையதுதான். அப்படியானால் நானல்லவா நாட்டை விட்டுப் போகவேண்டும்?" என்றார்.

"ஆமாம், மகாராஜா. போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள். இங்கே எனக்குப் பேச ஆளில்லை."

ராஜாவின் தொண்டையில் முதலில் இருமல் போல ஏதோ வந்தது. பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. அழுதுகொண்டே சிரித்தார். கையிலிருந்த காயும் கூடச் சேர்ந்து குலுங்கியது. சபையோர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் ஒருவர், பிறகு நால்வர், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ராஜா கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி விகடன் கழுத்தில் போட்டு, "பக்கத்தில் வந்து உட்கார்," என்றார். சாத்தப்பன் முத்துக்களைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. போய் உட்கார்ந்தான்.

பிறகு என்ன ஆயிற்றென்றால், ராஜா கட்டளையை அன்றே ரத்து செய்தார். நாச்சி ஒரு கை கடுகை அள்ளிக் காய்ந்த எண்ணெயில் போட்டாள்; கடைத்தெரு வரை கேட்டதாம். விழுப்பரையரை நாடு கடத்தவில்லை. குறை சொல்ல வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் சபையில் உரத்த குரலில் எடுத்துச் சொல்லும் வேலை அவருக்குக் கிடைத்தது. சில வருஷங்களில் குரல் கட்டி, ஊமை போல வீட்டோடு இருந்து இறந்தார். சாத்தப்பன் ராஜாவுக்கு முன்பே, ஒரு மழைக்காலத்தில் இறந்துபோனான். ராஜா அதன்பின் வேறு விகடனை வைத்துக்கொள்ளவில்லை. அந்தக் காயின் விதைகளைக் குழந்தையைப் புதைத்த இடத்தில் தூவியிருந்தார்; அவை முளைத்துப் புதராகிவிட்டன. கடைசிக் காலத்தில் மாலை நேரங்களில் அங்கே தனியாகப் போய் உட்கார்ந்திருப்பார். காற்றடித்தால் சத்தம் வரும். அடிக்காவிட்டால் வராது. ஒருநாள் அவரும் இறந்தார்.