விலக்கியவர் வாயால்

முதலாவது, சரிபார்த்துத் தருகிறேன் என்று தெருவில் இருந்த ரேஷன் கார்டுகளை எல்லாம் வாங்கிப் போய் அதிகாரியிடம் கொடுத்தான். இரண்டாவது, இடிக்க வேண்டிய வீடுகளின் கதவில் சுண்ணாம்பால் எண் போட்டான். மூன்றாவது, கோர்ட்டு தடை கொடுத்துவிட்டது என்று பொய் சொல்லி, காவலுக்கு நின்றவர்களை வீட்டுக்கு அனுப்பினான். நான்காவது, விடிந்ததும் வந்த முதல் லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி காட்டினான். ஐந்தாவது, நாங்கள் எட்டாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறும்போது, தனக்கு மட்டும் தரைத்தள வீடு வாங்கிக்கொண்டான்.

சற்குணம் வாசித்து முடித்து, தாளை மேசைமேல் வைத்தார்.

"தேதி வரிசை, ஆயரம்மா. ஒன்றுகூட முன்பின் இல்லை."

கால்வாய்க்கரைச் சபையின் ஆயர் சுகிர்தாவுக்கு முப்பத்தொன்பது வயது. அவரிடம் ஆராதனை நடத்தப் பழகிக்கொண்டிருந்த சற்குணத்துக்கு அறுபத்து மூன்று. துண்டறிக்கை படித்தே தமிழ் கற்றவர். போராட்டங்களில் எட்டு முறை சிறைக்குள் போய் வந்தவர். "மக வயசுல குருவா?" என்று சபையார் சீண்டுவார்கள். "அதுவும் ஒரு புரட்சிதான்" என்பார்.

கால்வாய்க்கரைத் தெரு வீடுகள் இடிபட்டுப் போய்விட்டன. கோயில் மட்டும் நின்றது. ஊருக்கு வெளியே மாடி வீடுகளில் கொண்டுபோய்க் கொட்டப்பட்ட சனம், ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறி அங்கேதான் வந்தது. சற்குணத்தின் பட்டியலுக்கு உரிய பாக்கியநாதனும் வந்தார். ஆனால் வாசலுக்கு வெளியே நின்று பாட்டைக் கேட்டுவிட்டுப் போய்விடுவார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன், அவரை நீக்க வேண்டும் என்று சபை நடுவே எழுந்து சொன்னவர் சற்குணம்.

எழுபது வயதில், தனக்கு மறுபடி சபையில் இடமும் நற்கருணை அப்பமும் வேண்டும் என்று பாக்கியநாதன் கடிதம் கொடுத்திருந்தார். அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. யார் விலக்கச் சொன்னாரோ, அவர் வாயால்தான் அந்தப் பெயர் மறுபடி வாசிக்கப்பட வேண்டும். அவர் வாசிக்காவிட்டால் விலக்கியது விலக்கியதுதான்.

"வாசிக்க மாட்டேன்" என்றார் சற்குணம். "நம்மை வெளியே தள்ள இந்தப் பட்டணத்தில் ஆயிரம் பேர். தள்ளினவனையும் கூப்பிட்டு உட்காரவைக்கவா ஒரு சபை? நம்மை எதற்குத்தான் அழைத்தார் ஆண்டவர்?"

ஆயர் தாளை எடுத்து நிதானமாகப் படித்தார்.

"சுண்ணாம்பு முதல்ல. கார்டு அப்புறம்."

"என்ன?"

"எங்க வீட்டுக் கதவுல ஏழுன்னு எழுதினப்போ, கார்டு எங்கம்மா கையிலதான் இருந்துச்சு."

சற்குணத்தின் பட்டியலை இதுவரை யாரும் திருத்தியதில்லை. ஆயரின் குடும்பமும் அதே லாரியில் போனது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"மாத்தி எழுதுங்க. ஞாயித்துக்கிழமை முழுசா வாசிங்க."

"குற்றப் பட்டியலையா? ஆராதனையிலா?"

"ஆமா. அடியில அவர் பேரையும் எழுதிக்கோங்க. அந்தக் கடைசி வரிய வாசிக்கிறதும் விடுறதும் உங்க இஷ்டம்."

"அவன் ஒத்துக்கணுமே."

"கேட்டாச்சு. 'ஒண்ணையும் விட்டுடாதீங்க'ன்னார்."

சற்குணத்துக்கு இளமை திரும்பியது. வாரம் முழுக்க அந்தத் தாளை அடித்து அடித்து எழுதினார்.

ஞாயிறு வந்தது. பாக்கியநாதன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வாசற்படியில் நின்றார். சற்குணம் பொதுக்கூட்டக் குரலில் வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் பாக்கியநாதன் "ஆமா" என்றார். ஐந்தாவதுக்கு மட்டும் கூடுதலாகச் சொன்னார்:

"முட்டி வலின்னு எழுதிக் கொடுத்துதான் கீழ் வீட்ட வாங்கினேன். அப்போ வலியே கெடையாது. இப்போதான் வந்து சேர்ந்திருக்கு."

யாரோ சிரித்தார்கள். சற்குணத்துக்கே உதடு அசைந்தது. அடக்கிக்கொண்டார்.

கடைசி வரிக்கு வராமலே, "இத்துடன் முடிந்தது" என்றார்.

"முடியல சற்குணம்" என்றார் பாக்கியநாதன். "ஆறாவது ஒண்ணு இருக்கு. லாரி வர்றதுக்கு முந்தின நாள், போலீசுக்கு உன் பேர சொன்னது நான்தான். யோபு இல்ல."

யோபு இரண்டாவது வரிசையில் இருந்தார். சற்குணத்தோடு சேர்ந்து போஸ்டர் ஒட்டியவர், அடி வாங்கியவர். அவர்தான் காட்டிக்கொடுத்தார் என்று நம்பி, சற்குணம் பதினான்கு ஆண்டுகளாக அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆராதனையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போதுகூட, அவரை மட்டும் தாண்டி அடுத்தவருக்குக் கை கூப்புவார்.

சற்குணம் ஆயர் பக்கம் குனிந்தார்.

"ஆயரம்மா, இது யார் பட்டியலில் சேரும்?"

"யோபுவைக் கேளுங்க."

சற்குணம் நிமிர்ந்தார். இரண்டாவது வரிசையின் பக்கம் திரும்பினார். பிறகு, "யோபு..." என்றார்.

"அதெல்லாம் வெளிய போய்ப் பேசலாம்டா" என்றார் யோபு. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மொதல்ல அவன் பேர வாசி. மனுஷன் எவ்ளோ நேரம் செருப்பக் கையில வச்சினு நிப்பான்?"

சற்குணம் தாளை மடித்துப் பைக்குள் போட்டார். அந்தப் பெயருக்குத் தாள் தேவைப்படவில்லை. இப்போது இல்லாத தெருவின் விலாசத்தோடு, சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"கதவு எண் பதினொன்று, கால்வாய்க்கரைத் தெரு. பாக்கியநாதன்."