மினுக்காத அலை

பொள்ளாச்சியில் ஓர் ஆஸ்பத்திரி. இதயத் துடிப்பைக் கம்ப்யூட்டர் திரையில் காட்டும் புரோகிராம் ஒன்றை அங்கே எழுதிக்கொண்டிருந்தார் சுப்புரத்தினம். ஐம்பத்தொரு வயது. அதுவரை டிவி ரிப்பேர் பார்த்த மனுஷன். அவருக்குப் புரோகிராம் சொல்லிக்கொடுத்த வான்மதிக்கு முப்பதுகூட ஆகவில்லை. குரு சின்னவள், சீடர் பெரியவர். உலகம் அப்படியும் நடக்கும்.

திரையின் மேல்பாதியில் நோயாளியின் பேர், படுக்கை எண். கீழ்ப்பாதியில் துடிப்பின் அலை இடப்பக்கமாக நகர வேண்டும். நகரத்தான் செய்தது. ஆனால் மினுக் மினுக்கென்று கண்ணைக் குத்தியது.

பெரிய டாக்டர் ஹேமலதா இரண்டு தடவை பார்த்துவிட்டார். "பதினோரு மணிக்கு வருவேன். அப்பவும் இப்படித்தான்னா எடுத்துட்டுப் போயிடுங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

மணி பத்து. சுப்புரத்தினம் வான்மதி பக்கம் திரும்பினார்.

"அம்மணி, நொடிக்கு முப்பது தடவை திரையை அழிச்சு, முப்பது தடவையும் முழுசா வரையறேன். இன்னும் வேகமா வரைய என்ன வழி?"

"வெளிய வாங்கண்ணா."

"மணி பத்துங்க அம்மணி."

"தெரியுதுங்கண்ணா. வாங்க."

வெளியே நீளமான பெஞ்சில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். வான்மதி, பெஞ்சுக்குப் பக்கத்து மேசையில் இருந்த நர்ஸிடம் ஒரு தாளும் பேனாவும் வாங்கி அவரிடம் நீட்டினாள்.

"இவங்க பேரை எல்லாம் வரிசையா எழுதுங்க."

கேட்டுக் கேட்டு எழுதினார். அதற்குள் முதல் ஆள் டாக்டர் அறைக்குள் போக, எல்லோரும் ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தார்கள். காலியான கடைசி இடத்தில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார்.

"இப்ப இருக்கிற வரிசையை எழுதுங்க."

சுப்புரத்தினம் என்ன செய்தார் தெரியுமா? எழுதிய அத்தனையையும் பரபரவென்று அடித்துவிட்டு, இப்போது முதல் இடத்தில் இருந்த பெண்ணிடம் போய் நின்றார்.

"உங்க பேருங்க?"

"ஏனுங்க, இப்பத்தானே சொன்னேன்? எத்தனை தடவை கேப்பீங்க?" என்றாள் அந்தப் பெண். பெஞ்சே சிரித்தது.

பேனா நின்றது. சுப்புரத்தினம் அடித்த பேர்களைப் பார்த்தார். கடைசியில் இருந்த பெரியவரைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் தாளை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓட்டமாக ஓடினார். ஐம்பத்தொரு வயசு ஓட்டமா அது?

புரோகிராமில் திரையை அழிக்கச் சொல்லும் வரியை எடுத்தார். வரைந்திருந்த படத்தை அப்படியே ஒரு கோட்டளவு இடப்பக்கம் தள்ளினார். வலது ஓரத்தில் திறந்த மெல்லிய இடத்தில் மட்டும் புதிதாக வரைந்தார். அலை எண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போனது.

ஆனால் திரையின் மேலே இருந்த, பழனாத்தா என்ற நோயாளியின் பேரும் கூடவே கிளம்பி, பாதி காணாமல் போயிருந்தது.

"அம்மணி, பேரும் போகுதுங்க."

"பெஞ்சுல ஆளுக தள்ளி உக்காந்தப்ப நர்ஸ் மேசையும் தள்ளிப் போச்சாங்கண்ணா?"

அவர் அலை இருக்கும் கட்டத்தை மட்டும் அளந்து, அதற்குள் இருப்பதை மட்டும் தள்ளச் சொல்லி எழுதினார். பேர் தன் இடத்திலேயே நின்றது. மணி பத்து ஐம்பத்தெட்டு.

டாக்டர் வந்தார். ஒரு முழு நிமிஷம் பார்த்தார். குனிந்து கிட்டே பார்த்தார்.

"கம்ப்யூட்டர் புதுசா?"

"அதேதானுங்க டாக்டர்."

"அப்ப வேகமா வரைய வெச்சுட்டீங்க. நல்லா இருக்கு. இங்கேயே இருக்கட்டும்."

வான்மதி சொன்னாள்:

"வேகம் எல்லாம் கூட்டலைங்க டாக்டர். வரைஞ்சதை அழிக்கிறதை விட்டுட்டார்."