கற்பூரவள்ளிச் சரிவு

மழை மறந்துபோன ஒரு காட்டில், செம்மண் சரிவு ஒன்று இருந்தது. காடு முழுவதும் சருகாகிக் கிடந்தபோதும் அந்தச் சரிவு மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தது.

அதைப் பச்சையாக்கியவள் ஒரு கௌதாரி. மூன்று ஆண்டுகளாகக் கற்பூரவள்ளித் தண்டுகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வந்து, காலால் மண்ணைக் கீறி ஊன்றினாள். அவை தரையோடு தரையாகப் படர்ந்து மண்ணை மூடின. அந்த நிழலில்தான் இப்போது ஐந்து முட்டைகளை அடைகாத்துக் கொண்டிருந்தாள்.

முன்பெல்லாம் வெட்டவெளியில் அவள் இட்ட முட்டைகளை நரி தின்றுவிடும். இந்த முறை இலை முட்டையை மறைத்தது. இலையின் மணம் முட்டையின் மணத்தையும் மறைத்தது. சரிவைச் சுற்றிச் சுற்றி வந்த நரிக்கு மூக்கு உதவவில்லை. அது ஓர் இலையைக் கவ்விக்கொண்டு நேராகக் காட்டுப்பன்றிகளிடம் போனது. அவை நாக்கு வறண்டு படுத்திருந்தன.

“அண்ணே, காடே காய்கிறது. கௌதாரியின் இடம் மட்டும் எப்படிப் பச்சையாக இருக்கிறது?”

“எப்படியாம்?” என்றது பெரிய பன்றி.

“அடியில் ஊற்று இருக்கிறது. மூடி வைத்துத் தனியாகக் குடிக்கிறாள். நம்பாவிட்டால் இந்த இலையைக் கடித்துப் பாருங்கள்.”

பன்றி கடித்தது. சாறு கசிந்தது. அவ்வளவுதான், பத்துப் பன்றிகளும் சரிவுக்கு ஓடி வந்தன.

“அடியே, தண்ணீர்த் திருடி! எழுந்திரு!”

எழுந்தால் முட்டைகள் தெரிந்துவிடும். கௌதாரி எழவில்லை. “அண்ணா, இங்கே ஊற்று இல்லை. இந்தச் செடி கொஞ்சமாகத்தான் குடிக்கும். போன மழையில் குடித்ததை இலையில் சேர்த்து வைத்திருக்கிறது. தண்டு தருகிறேன், உங்கள் பக்கமும் ஊன்றுங்கள்.”

“தண்ணீர் கேட்டால் தண்டு தருகிறாளாம்!” என்று ஒரு பன்றி சிரித்தது.

“நான்கு நாள் பொறுங்கள். குஞ்சு பொரிந்ததும் நானே விலகிக்கொள்கிறேன்.”

“கேட்டீர்களா அண்ணே? நான்கு நாளில் குடித்தே தீர்த்துவிடுவாள்!” என்றது நரி.

பன்றிகள் பாய்ந்தன. மூன்று ஆண்டு வளர்ந்த கொடிகளை வேரோடு பிய்த்து எறிந்தன. கௌதாரி அவற்றின் முகத்தில் பறந்து பறந்து மோதினாள். ஒரு பன்றி தலையை உதறியது. அவள் தூரப் போய் விழுந்தாள்.

“ஆழமாக, அண்ணே! இன்னும் ஆழமாக!” என்றது நரி. அதன் வாய் நிறைய முட்டை இருந்தது. குனிந்து தோண்டிய பன்றிகள் எதுவும் அதைப் பார்க்கவில்லை. கௌதாரி மட்டும் பார்த்தாள்.

உச்சிவெயில் வரை தோண்டியும் காய்ந்த மண்தான் வந்தது. “எங்கேடா ஊற்று?” என்று பெரிய பன்றி நிமிர்ந்தபோது நரியைக் காணோம். ஐந்து முட்டை ஓடுகள் கிடந்தன.

பன்றி தலையைத் தொங்கப் போட்டது. “தெரியாமல் செய்துவிட்டோம், தங்கச்சி.”

“தெரியும்படிதானே சொன்னேன், அண்ணா” என்றாள் கௌதாரி.

பிறகு வெறும் மண்ணில், உடைந்த ஓடுகளின்மேல் சிறகை விரித்து உட்கார்ந்தாள்.

நீதி: சிக்கனமாக வாழ்பவரைத் திருடர் என்று நம்புகிறவர், உண்மைத் திருடனுக்குக் கூலியில்லாமல் மண் தோண்டுவார்.